மழையில் தூங்கியவர்

மந்தைவெளி, சென்னை
28 ஜூலை 2024

அன்புள்ள ஐரின் அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நானும் ரொனால்ட் குடும்பமும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தானுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? தூத்துக்குடியில் காற்றுக்காலம், கண்ணெல்லாம் மணல் என்று எழுதியிருந்தாய். கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே போ.

ஏன் போன் செய்வதே இல்லை என்று கேட்டிருந்தாய். என் போனில் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் காட்டினேன். கடைக்காரன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "போன் நல்லாத்தான் கீது சார்" என்கிறான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனோடு வேலை பார்த்தே தலை நரைத்தவனிடம் அவன் சொல்கிறான். போகட்டும். கடிதம் என்றால் நிதானமாகப் பேசலாம், நீயும் குறுக்கே பேச முடியாது.

பூசைக்கு இப்போதெல்லாம் முதல் பெஞ்சில்தான் உட்காருகிறேன். பக்தி கூடிவிட்டது என்று நினைக்காதே. இந்தக் காலத்துச் சாமியார்களுக்கு வாயைத் திறந்து பேசத் தெரியவில்லை.

காலையில் நாகேஸ்வரராவ் பார்க்குக்குப் போகிறேன். எங்கள் செட்டில் சண்முகசுந்தரம் என்று ஒருவர், பாங்கில் மேனேஜராக இருந்தவர். போன மாதம் காதுக்கு மெஷின் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் இசக்கிமுத்து விடுவாரா? "என்ன அண்ணாச்சி, காதுல ரேடியோவா? ஸ்கோர் என்னன்னு சொல்லுங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். அதிலிருந்து அவர் ஏதாவது சொல்ல வந்தால் ஒருவரும் காத்திருப்பதில்லை. மெஷின் வாங்கியதும் மனுஷன் கிழவனாகிவிட்டார்.

ஒரு செய்தி. மாதா விண்ணேற்புத் திருநாள் பூசை முடிந்ததும் ஏற்காட்டுக்குப் போகிறோம். ரொனால்டின் நண்பன் ஒரு பாப்-அப் ட்ரெய்லர் வைத்திருக்கிறான். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் பெட்டி. போன இடத்தில் கூரையைத் தூக்கி நிறுத்தினால், இரண்டு பக்கமும் மேசை இழுப்பறை மாதிரி ஒவ்வொரு படுக்கை வெளியே வரும். மேலே தகரம், சுற்றிலும் கேன்வாஸ். பிரிஸ்ஸிக்கு ஒரே குதி. இரண்டாம் வகுப்பு வந்தும் ஸ்கூல் வேன் என் வீட்டு வாசலில் நின்றதும் ஓடி வந்து தாத்தா முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறாள். மாலை மருமகள் ரெனிட்டா ஆபீஸ் விட்டு வந்து அழைத்துப் போகும்வரை வீடு வீடாக இருக்கிறது. என் ஸ்டெல்லா போன பிறகு எனக்கு இருப்பது அந்த மூன்று மணி நேரம்தான்.

உன் அன்புத் தம்பி,
லியோனார்ட்


தூத்துக்குடி
5 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பி லியோவுக்கு,

மரியே வாழ்க. கடிதம் கிடைத்தது. முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது. அத்தான் மைசூர்பாகு டப்பாவை ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறார், நான் கண்டுபிடித்து நானே தின்கிறேன். இருவருக்கும் சர்க்கரை.

கடிதம் எழுதுவது எனக்குப் பிடிக்கத்தான் செய்கிறது. பள்ளிக்கூடத்தில் கட்டுரை நோட்டுத் திருத்தியே பழகிய கை. ஆனால் தம்பி, கடைசியாக நீ போன் எடுத்தபோது பிரிஸ்ஸிக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டேன். "ஆமாக்கா, ராத்திரி பூரா கரண்ட் இல்ல" என்றாய். நானும் அத்தானும் சிரித்துக்கொண்டோம். ஸ்பீக்கரை மாற்று. இல்லை, போனையே மாற்று.

பெட்டிக்குள் படுத்துத் தூங்கப் போகிறாயா? நம் வீட்டில் சிமென்ட் தரையில் வரிசையாகப் படுத்ததை விடவா? போய் வந்து எழுது. கம்பளி எடுத்துப் போ. பிரிஸ்ஸியை ஈரத்தில் விடாதே.

ஆசீர்வாதங்களுடன்,
அக்கா ஐரின்


மந்தைவெளி
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

இயேசுவுக்கே புகழ். நலமாகத் திரும்பி வந்துவிட்டோம். நீயும் அத்தானும் நலம்தானே?

ஏற்காடு நன்றாக இருந்தது. ஒரு காபி எஸ்டேட்டுக்குள் புல்வெளியில் ட்ரெய்லரை நிறுத்தினோம். பக்கத்தில் ஆரஞ்சு மரங்கள். காலையில் பனி. மாலையில் மழை பெய்ததாம். நான் அசந்து தூங்கிவிட்டேன். தகரக் கூரையில் மழை விழுந்தால் தூக்கம் வராது என்பார்கள், எனக்கு அப்படியொன்றும் இல்லை. தொட்டிலில் கிடந்த மாதிரி இருந்தது.

மூன்று நாள் தங்குவதாக இருந்து மறுநாளே கிளம்பிவிட்டோம். ரொனால்டுக்கு ஆபீசில் ஏதோ வேலை. பிரிஸ்ஸிக்கு லேசான சளி.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

லியோ


அடையாறு, சென்னை
2 செப்டம்பர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். ரெனிட்டா எழுதுகிறேன். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். உங்கள் வாட்ஸ்அப்பைப் பேரன்தான் படித்துச் சொல்கிறான் என்பீர்கள். போனில் பேசினால் ரொனால்டுக்குக் கேட்கும். அதனால்தான் கடிதம்.

ஏற்காட்டில் நடந்ததை மாமா உங்களுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. சொல்லியிருக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். பிரிஸ்ஸி நாளெல்லாம் ஓடியாடிவிட்டு இருட்டும் முன்பே ட்ரெய்லரில் ஒரு பக்கப் படுக்கையில் தூங்கிவிட்டாள். எஸ்டேட்டில் தங்கியிருந்த எல்லாருக்கும் சற்றுத் தள்ளி ஒரு கொட்டகையில் சாப்பாடு. மாமா, "நான் பாத்துக்கறேன், நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க" என்று மறு பக்கப் படுக்கையில் சாய்ந்துகொண்டார். நாங்கள் தட்டை எடுத்து உட்கார்ந்ததும் மழை பிடித்தது. அப்படியொரு மழையை நான் பார்த்ததில்லை. கொட்டகையின் தகரத்தில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. கரண்டும் போய்விட்டது. கொஞ்சம் விடட்டும், மாமா இருக்கிறாரே என்று நின்றோம்.

பிரிஸ்ஸி படுத்திருந்த பக்கம் கேன்வாஸின் கொக்கி கழன்று தண்ணீர் அவள் மேலேயே ஊற்றியிருக்கிறது. இருட்டில் எழுந்து, "தாத்தா, தாத்தா" என்று கத்தியிருக்கிறாள். அவர் எழுந்திருக்கவில்லை. நடுவில்தான் கதவு. திறந்துகொண்டு எங்களைத் தேடி மழையில் இறங்கிவிட்டாள். கொட்டகைக்கு எதிர்த் திசையில் போயிருக்கிறாள். ரோட்டோரம் ஓடை நிரம்பிப் போய்க்கொண்டிருந்த இடத்தில் எஸ்டேட் காவலாளி பார்த்துச் சாக்கைப் போர்த்தித் தூக்கி வந்தார். "இன்னும் நாலடி வெச்சிருந்தா பாப்பா ஓடைக்குள்ளங்க" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது அத்தை.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தால் மாமா கேன்வாஸ் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருக்கிறார். ரொனால்ட் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் விழித்தார். "எப்படிப்பா எழுந்திருக்காம இருந்தே?" என்று கேட்டதற்கு, "குடிச்சிட்டேன்டா. ஐஸ் பெட்டில இருந்த உன் பிராந்தி" என்றார்.

ரொனால்ட் அப்பாவோடு பேசுவதில்லை. பிரிஸ்ஸியை இனி அங்கே விட வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். ஸ்கூல் வேன் இப்போது அடையாறுக்கே வருகிறது, கீழ் வீட்டு சகினா அக்கா பார்த்துக்கொள்கிறார். மாமா எத்தனை நாளாகக் குடிக்கிறார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால் கேட்பார். கோபித்துக்கொள்ளாமல் ஒரு வார்த்தை எழுதுங்கள்.

அன்புடன்,
ரெனிட்டா


தூத்துக்குடி
9 செப்டம்பர் 2024

லியோவுக்கு,

மரியே வாழ்க. நேற்று மாதா பிறந்த நாள். பூசை முழுக்க உன்னையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரெனிட்டா எழுதியிருந்தாள். அவளைக் கோபிக்காதே. பெற்றவள், எழுதாமல் என்ன செய்வாள்? தொட்டிலில் கிடந்த மாதிரி தூங்கினேன் என்று எனக்கு எழுதினாயே, அதைத் திரும்ப எடுத்துப் படித்தேன்.

நான் சுற்றி வளைத்துக் கேட்கப் போவதில்லை. குடித்தாயா? குடித்தாய் என்றால் எப்போதிருந்து? ஸ்டெல்லா போன பிறகா? தனிமைதான் காரணம் என்றால் இங்கே வந்து எங்களோடு இரு. மூன்று முறை போன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றது.

பதில் போடு.

ஐரின்


மந்தைவெளி
17 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நலம். நீ நலமா?

ஆமாம், குடித்தேன். என் தப்புத்தான். அவர்கள் செய்தது சரி. பிள்ளையை என்னிடம் விடக்கூடாது.

பார்க்குக்குப் போவதை நிறுத்திவிட்டேன். வேன் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நின்று பழகிய கால், நேற்றும் போய் நின்றது. பக்கத்துக் கடைக்காரர் அப்துல் கரீம் என்னவோ கேட்டார். தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

இதைப் பற்றி இனி கேட்காதே.

லியோ


தூத்துக்குடி
24 செப்டம்பர் 2024

அன்பு மகள் ரெனிட்டாவுக்கு,

நீயும் ரொனால்டும் குழந்தையும் நலமாக இருக்க என் ஆசீர்வாதம். பிரிஸ்ஸிக்குச் சளி போய்விட்டதா? கற்பூரவல்லி இலையைச் சாறு பிழிந்து கொடு.

உன் மாமாவுக்கு எழுதினேன். குடித்ததாக ஒப்புக்கொண்டான். நான் கேட்டதுமே ஒப்புக்கொண்டான், அதுதான் எனக்கு இடிக்கிறது. சின்ன வயதிலிருந்து அவனை அறிந்தவள் நான். கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டுப் பூனை உடைத்தது என்று ஒரு வாரம் சாதித்தவன். இத்தனை பெரிய தப்பை இரண்டே வரியில் ஏற்றுக்கொள்கிறான். என் கல்யாணத்தில் எங்கள் அண்ணன்மார் ஊற்றிக் கொடுத்த ஒயினையே மூக்கைப் பிடித்துக்கொண்டு கீழே கொட்டியவன் அவன்.

எனக்காக ஒன்று செய். அந்தப் பிராந்தியை அவன் எவ்வளவு குடித்தான் என்று பார்த்தாயா? வாடை வந்ததா? அப்புறம், அவன் உங்களோடு இருக்கும்போது கூப்பிட்டால் உடனே திரும்புகிறானா? கொஞ்ச நாளாக எனக்கு வேறு ஒரு சந்தேகம். இன்னும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. நீ பார்த்து எழுது.

அன்புடன்,
அத்தை ஐரின்


அடையாறு
6 அக்டோபர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். எல்லாரும் நலம், சளி போய்விட்டது. இதை எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

ஏற்காட்டிலிருந்து வந்த கோபத்தில் ரொனால்ட் அந்த ஐஸ் பெட்டியைத் திறக்காமலேயே லாஃப்ட் மேல் போட்டிருந்தார். உங்கள் கடிதம் வந்த அன்று இறக்கினேன். பாட்டில் அப்படியே இருக்கிறது. மூடியின் சீல் உடைக்கவில்லை. வாடை வந்ததா என்று யோசிக்கும் நிதானம் அன்று எங்கள் யாருக்கும் இருக்கவில்லை.

பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு நானும் ரொனால்டும் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கதவு மணி அடித்தால் மாமா திறப்பதில்லை, நாங்கள் சாவி போட்டுத்தான் உள்ளே போவோம். டிவியில் கீழே எழுத்து ஓடும் சேனல்தான் பார்ப்பார். ஏதாவது கேட்டால் முதலில் சிரிப்பார், பிறகுதான் பதில் சொல்வார். இதையெல்லாம் வயசு, சுபாவம் என்று நினைத்திருக்கிறோம்.

பிரிஸ்ஸியைக் கூப்பிட்டு, "அன்னிக்கு நீ கத்தினப்போ தாத்தா ஏன்டா எழுந்திருக்கல?" என்று கேட்டேன். படம் வரைந்துகொண்டே சொன்னாள்:

"தாத்தாவுக்கு இருட்டுல கேக்காதும்மா. லைட் இருந்தா கேக்கும். மூஞ்சிக்கு முன்னாடி போய்ப் பேசணும். உனக்குத் தெரியாதா?"

ஏழு வயதுக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது அத்தை. அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு அவள் பேசுவதைக் கொஞ்சல் என்று நினைத்துப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டவள் நான்.

ரொனால்ட் உடனே மந்தைவெளிக்குக் கிளம்பினார். நான்தான் தடுத்தேன். நாமாகப் போய் நின்றால் இல்லவே இல்லை என்பார், அல்லது நொறுங்கிப் போவார். என்ன செய்வது என்று நீங்கள் சொல்லுங்கள்.

ரெனிட்டா


தூத்துக்குடி
14 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

மரியே வாழ்க. எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உன் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சீல் உடைக்காத பாட்டிலிலிருந்து நீ எப்படிக் குடித்தாய் என்று ரெனிட்டா கேட்கிறாள். நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்பீக்கர் கெட்டது, சாமியார் வாயைத் திறக்காதது, எல்லாம் தெரிந்துவிட்டது. நோட்டுத் திருத்திய கை என்று பெருமை பேசினேன், உன் கடிதத்தை ஒழுங்காகப் படிக்கத் தெரியவில்லை எனக்கு.

காது கேட்கவில்லை என்பதை விடக் குடிகாரன் என்பது உனக்குப் பெரிய பட்டமாகத் தோன்றியதா லியோ? திட்டுவதற்காகக் கேட்கவில்லை. புரியாமல் கேட்கிறேன்.

ரொனால்டுக்கும் தெரியும். ஓடி வரத்தான் இருந்தான். வேண்டாம், அப்பாவாகச் சொல்லட்டும் என்று நானும் சொன்னேன். அவர்கள் காத்திருக்கிறார்கள். நீ போய் உன் வாயால் சொல். அதை அவர்கள் பிடுங்கக்கூடாது, நானும் பிடுங்க மாட்டேன்.

என்றும் உன்
அக்கா


தூத்துக்குடி
6 நவம்பர் 2024

லியோ,

நலமா? மூன்று வாரமாகப் பதில் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு ஸ்டெல்லாவின் கல்லறைக்கு எல்லாரும் வந்திருப்பீர்களே. ஏதாவது பேசினீர்களா? ஒரு வரி போதும். வெறும் உறையை அனுப்பினாலும் போதும், நீ கையால் முகவரி எழுதியிருந்தால்.

அக்கா


மந்தைவெளி
9 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாத தம்பியை மன்னித்துவிடு. உடம்புக்கு ஒன்றும் இல்லை. பேனாவை எடுத்தால் முதல் வரியிலேயே நின்றுவிடும், அவ்வளவுதான். அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

அன்று படுத்தபோது தூறல்கூட இல்லை. கண் விழித்தால் ரொனால்டின் முகம் என் முகத்துக்கு மேலே. கையில் டார்ச். வாய் மூடி மூடித் திறக்கிறது. அவன் பின்னால் ரெனிட்டாவின் இடுப்பில் ஒரு சாக்கு, சாக்குக்குள் பிரிஸ்ஸி, முடியெல்லாம் நெற்றியில் ஒட்டிக்கொண்டு. மழை பெய்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எழுந்து உட்காரும்போது பிடிமானத்துக்காகக் கையைக் கூரையில் வைத்தேன். தகரம் அதிர்ந்துகொண்டிருந்தது. அந்தப் புல்வெளியில் இருந்த அத்தனை பேருக்கும் காதைப் பிளந்த சத்தம் எனக்கு உள்ளங்கையில் மட்டும் தெரிந்தது.

ரொனால்ட் என்ன கேட்டான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏன் எழுந்திருக்கவில்லை என்றுதான் கேட்டிருக்க வேண்டும். குடித்தேன் என்று வாயில் வந்துவிட்டது. குடித்தவன் மறுநாள் தெளிந்துவிடுவான், திட்டுவார்கள், மன்னிப்பார்கள். காது கேட்காதவனை யாரும் திட்டுவதுகூட இல்லை அக்கா. சண்முகசுந்தரத்தைப் பார்த்தேனே. அவர் பேச வாயெடுத்தால் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன். என்னைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது என்பதற்காகச் சத்தமாகவே சிரித்தேன். எக்ஸ்சேஞ்சில் ஒரு ஹலோவை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று பெயர் எடுத்தவன். அந்தப் பெயரைக் காப்பாற்றப் பேத்தியின் உயிரை வைத்து விளையாடியிருக்கிறேன்.

கல்லறைத் திருநாளன்று எல்லாரும் வந்தார்கள். ஸ்டெல்லாவின் கல்லறைக்குப் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். நான் குனிந்திருந்தேன். திடீரென்று ரொனால்ட் சுற்றி வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்தான். பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்த்திருப்பான் போல. "அப்பா, நல்லா இருக்கியா?" என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான், குழந்தைக்குச் சொல்வது போல. அவன் கண்ணில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். கல்லறைத் தோட்டத்தில் என்ன வேலை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஆட்டோ பிடித்து அடையாறு போனேன். ரெனிட்டா கதவைத் திறந்தாள். உட்காரக்கூட இல்லை. "நான் குடிக்கலம்மா. எனக்குக் காது கேக்கல. ரெண்டு வருஷமாவே கேக்கல" என்றேன். என் குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்று தெரியவில்லை, கீழ் வீட்டு சகினா மேலே எட்டிப் பார்த்தாள்.

ரொனால்ட் அழுதான். ரெனிட்டா அழவில்லை. என் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முகத்துக்கு நேராகச் சொன்னாள்:

"மாமா, நீங்க குடிச்சிருந்தாக்கூட நான் மறந்திருப்பேன். காது கேக்காதது உங்க தப்பே இல்ல. ஆனா கேக்குதுன்னு எங்களை நம்ப வெச்சு, என் குழந்தையைப் பாத்துக்கறேன்னு சொன்னீங்களே. அதை எப்படி மறக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது. அவள் எழுந்து போய்க் காபி கொண்டு வந்தாள். அந்த வாரமே அவளே லீவு போட்டு டாக்டரிடம் அழைத்துப் போனாள். இப்போது இரண்டு காதிலும் மெஷின். பேச்சு தெளிவாக வர நாளாகுமாம். பிரிஸ்ஸி மாலையில் மறுபடி என் வீட்டுக்கு வருகிறாள். ராத்திரி தங்குவதற்கு மட்டும் ரெனிட்டா இன்னும் சம்மதிக்கவில்லை. நான் கேட்கவும் மாட்டேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

அன்று காபி குடிக்கும்போது பிரிஸ்ஸி என் மடியில் ஏறி முகத்தைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ நீ குடிக்கவே இல்லையா தாத்தா? நான் டெரன்ஸ் அங்கிள்கிட்ட சொல்லிட்டேனே" என்றாள். டெரன்ஸ் எங்கள் கோயிலில், பிரிஸ்ஸி ஞாயிறுதோறும் போகும் மறைக்கல்வி வகுப்பை எடுப்பவன். என்ன வேண்டிக்கொள்ள வேண்டும் என்று வகுப்பில் கேட்டிருக்கிறான். தாத்தா குடிக்காமல் இருக்க வேண்டும் என்று இவள் எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். அது செப்டம்பரில்.

எங்கள் தெரு அன்பியத்துக்கும் டெரன்ஸ்தான் தலைவன். வாரா வாரம் ஒரு வீட்டில் பத்துப் பதினைந்து குடும்பம் கூடி ஜெபம் சொல்வோம். பூசைக்கு வந்த இடத்தில் கேள்விப்பட்டதை ரெனிட்டா தயங்கித் தயங்கிச் சொன்னாள். செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும், "குடிப்பழக்கத்துக்கு அடிமையான நம் சகோதரருக்காக" என்று எனக்காக வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். என்னை வைத்துக்கொண்டே. நான் மூலையில் உட்கார்ந்து, மற்றவர்கள் வாய் அசைவதைப் பார்த்து, எல்லாருக்கும் மேலான குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லியிருக்கிறேன். அக்கா, பூமி பிளந்தால் இறங்கியிருப்பேன். லியோனார்ட் எவ்வளவு தாழ்மையாக ஏற்றுக்கொள்கிறார் என்று சில பேர் கண் கலங்கினார்களாம்.

அடுத்த கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மெஷின் அப்போது வரவில்லை. போனேன். மன்றாட்டு நேரம் வந்தது, டெரன்ஸ் தாளைப் பிரித்தான். நான் எழுந்து நின்று, "தம்பி, அதைப் படிக்காதே" என்றேன். எல்லாரும் திரும்பினார்கள். "நான் குடிக்கிறவன் இல்ல. என் பேத்திக்குத் தப்பான சேதி போனதுக்கு நான்தான் காரணம். எனக்குக் காது கேக்காது. நீங்க எனக்காக வேண்டிக்கிட்டதுகூட எனக்குக் கேக்கல. இத்தனை நாளா கேக்கற மாதிரி உங்க நடுவுல உக்காந்திருந்தேன்" என்றேன்.

எல்லாரும் அமைதியாக இருந்தார்கள். அல்லது பேசினார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாராவது சிரித்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

அப்புறம் ஒரு கை என் தோளைத் தொட்டது. டெரன்ஸ். அறையைக் கடந்து என் முன்னால் வந்து நின்றிருந்தான். நான் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்தான். பிறகு வாயை நன்றாகத் திறந்து கேட்டான்:

"அங்கிள், அப்போ இன்னிக்கு உங்களுக்காக நாங்க இன்னா வேண்டிக்கணும்?"

"ஒண்ணும் வேணாம்பா" என்றேன். "இப்ப வந்த மாதிரி முன்னாடி வந்து பேசினாப் போதும்."

உன் அன்புத் தம்பி,
லியோனார்ட்